வெள்ளி அணு தாண்டுவதற்காகக் காத்திருந்த ஆறு ஆண்டுகள்

சென்ற வாரம் என் கணினியின் கிராபிக்ஸ் அட்டையில் விசிறி நின்றுபோய், அதை மாற்றக் கொடுத்திருந்தேன். அந்த நான்கு நாட்களுக்குள், துறைக்குப் புதியவரான நண்பர் ஒருவர், அணு உலைகளுக்கான ட்ரைசோ எரிபொருளின் (பல அடுக்கு உறையிட்ட சிறு எரிபொருள் துகள்கள்) சிலிக்கான் கார்பைடு உறையில் வெள்ளி விரவுவதை, அதாவது அணு அணுவாக ஊடுருவிச் செல்வதை, அணுக்களின் இயக்கத்தைக் கணக்கிடும் லாம்ப்ஸ் மென்பொருளில் உருவகப்படுத்தலாமா என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக நான் செய்துவருவது அதைத்தான்.

ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ள அந்த உறை, அணுப்பிளவில் உண்டாகும் பெரும்பாலான பொருட்களைத் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் சுமார் 250 நாள் அரைவாழ்வுள்ள வெள்ளி-110எம் என்ற கதிரியக்க வெள்ளி, விரிசல் இல்லாத துகள்களிலிருந்தும் வெளியேறிவிடுகிறது. அது உலைக்கு வெளியே குளிர்ந்த உலோகப் பாகங்களில் படிந்தால், அங்கே பராமரிப்புப் பணி செய்பவர்கள்தான் கதிர்வீச்சுக்கு ஆளாவார்கள். ஆகவே கேள்வி முக்கியமானது.

என்னை விடாமல் எரிச்சலூட்டுவது ஒன்றுதான்: காலம். லாம்ப்ஸ் பின்பற்றும் மூலக்கூறு இயங்கியலில், அதாவது அணுக்களின் அசைவைப் படிப்படியாகக் கணக்கிடும் முறையில், ஒரு படி என்பது ஏறத்தாழ ஒரு பெம்டோநொடி, அதாவது ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. வெள்ளி அணு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ 4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தடையைக் கடக்க வேண்டும் என்றும், அணு நொடிக்கு ஒரு லட்சம் கோடியின் பத்து மடங்கு முறை முயல்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 1500 கெல்வினில் ஒரு தாவலுக்குச் சராசரியாக மூன்று நொடி ஆகும். மணிக்குப் பத்து லட்சம் படிகள் கணக்கிடும் என் கணினி அந்த மூன்று நொடியைக் கடக்க மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டும். முதல் ஆண்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே நான் மாதக்கணக்கில் ஓடவிட்டேன். அணு இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தது.

வெப்பநிலையை உயர்த்தி, கிடைத்த விரவல் கெழுவை (விரவும் வேகத்தின் அளவை) அர்ரீனியஸ் கோட்டில், அதாவது அது வெப்பநிலையோடு மாறும் விதத்தைக் காட்டும் நேர்கோட்டில், உலையின் வெப்பநிலைவரை கீழே நீட்டுவதே வழக்கமான தீர்வு. 3000 கெல்வினில்கூட ஒரு தாவலைக் கணக்கிட என் கணினிக்கு மூன்று வாரம் பிடிக்கும். அதைவிடக் கவலை தருவது, வெள்ளி பெரும்பாலும் நகரும் பாதையான துகள் எல்லையின் (உறையிலுள்ள நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தின்) அணு ஒழுங்கே அந்த வெப்பத்தில் குலையத் தொடங்கும் என்பது. உலையில் இல்லாத ஓர் எல்லையில் அளந்த எண்ணை, உலையில் இருக்கும் எல்லைக்கு நீட்டுவது எனக்கு ஏற்புடையதன்று.

இது மென்பொருளின் குற்றமன்று. அணுக்களின் அதிர்வைப் படிப்படியாகக் கணக்கிடும் எந்த நிரலுக்கும் உள்ள வரம்பு. லாம்ப்ஸைப் பற்றி எனக்கு மதிப்பே மிகுதி. இலவசமாகக் கிடைக்கிறது, ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய உள்ளீட்டுக் கோப்புகள் இன்றும் சிறு திருத்தங்களுடன் ஓடுகின்றன. மின்தடையில் இரவு நின்றுபோன கணக்கு, காலையில் ரீஸ்டார்ட் கோப்பிலிருந்து விட்ட இடத்தில் தொடர்ந்தபோது அடைந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. துகள் எல்லைகளைக் கட்டமைத்துத் தளர்வுறச் செய்ய இதைவிட ஏற்ற கருவியை நான் பயன்படுத்தியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். எல்லைகளை மட்டும் இதில் கட்டமைத்து, தாவல்களின் ஆற்றல் தடைகளை முதற்கொள்கைக் கணக்கீட்டில் (குவாண்டம் விதிகளிலிருந்து நேராகக் கணக்கிடும் முறையில்) ஒவ்வொன்றாகப் பெற்று, அவற்றை, அதிர்வுகளை விட்டுத் தாவல்களை மட்டும் நிகழ்த்தும் இயக்கவியல் மான்டி கார்லோ நிரலில் இட்டால் நொடிகளையும் மணிகளையும் எட்டலாம். வெள்ளி நகர்வதைத் திரையில் நேராகக் காண விரும்பி லாம்ப்ஸைத் தேர்ந்தெடுப்பவர், நான் இழந்த முதல் ஆண்டைத் தாமும் இழப்பார்.