மூன்று வருடமாக டெவில்ஸ் கிளா கிழங்கு: என் முழங்கால் அனுபவம்

நமீபியாவின் விண்ட்ஹூக்குக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் வலது முழங்கால் படியேற விடவில்லை. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். அப்போதுதான் கூட வேலை பார்ப்பவர் ஒரு காகிதப் பையில் பழுப்பு நிற வற்றல் கொண்டுவந்து கொடுத்தார். கலஹாரி பாலைவன மணலில் விளையும் டெவில்ஸ் கிளா என்ற செடியின் கிழங்கு. இங்குள்ள பழங்குடியான சான் மக்கள் காலங்காலமாக வயிற்றுக் கோளாறுக்கும் வலிக்கும் பயன்படுத்துவது. காயைப் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும். நாலாபக்கமும் கொக்கி முள், மாட்டின் குளம்பில் மாட்டினால் லேசில் விடாது. நம் யானை நெருஞ்சிலும் எள்ளும் இதே குடும்பம்தான்.

4.5 கிராம் வற்றலை வெந்நீரில் இரவே ஊறப்போட்டு, வடிகட்டி, மறுநாள் மூன்று வேளையாகக் குடிப்பேன். நிலவேம்புக் கசப்பு. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் காலை விறைப்பு குறைந்தது. தினமும் போட்ட வலி மாத்திரை வாரத்துக்கு இரண்டானது. அவ்வளவுதான். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளர்ந்துவிடாது. போன வருட எக்ஸ்ரேயிலும் தேய்மானம் அப்படியே இருக்கிறது.

மாத்திரையாக வாங்குபவர்கள், இந்தக் கிழங்கின் முக்கிய வேதிப்பொருளான ஹார்பகோசைட்டின் அளவைப் பாருங்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள்.

நமீபியாவின் கிழக்கே ஒமாஹெகே பக்கம் இந்தக் கிழங்கைத் தோண்டுவதை ஒருமுறை பார்த்தேன். ஒரு பெண்மணி தாய்வேரைத் தொடாமல், ஒரு முழம் தள்ளிக் குழி பறித்து, பக்கக் கிழங்குகளை மட்டும் எடுத்துவிட்டு மணலைத் திரும்ப மூடினார். தாய்வேரை வெட்டினால் செடியே போய்விடும். 1977 முதல் இங்கே இது பாதுகாக்கப்பட்ட செடி, தோண்ட அனுமதிச்சீட்டு வேண்டும். இப்போதெல்லாம் யார் தோண்டியது என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

இனி கவனமாகப் படியுங்கள். ஆரம்பத்தில் வெறும் வயிற்றில் குடித்து நெஞ்செரிச்சலில் தவித்தேன், வயிறும் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு குடித்ததும் சரியானது. அல்சர், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொட வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. நானும் என் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான், இரண்டு மாதம் குடித்தால் ஒரு மாதம் நிறுத்துகிறேன்.

மதுரையிலிருந்து மாமா, “எனக்கும் ஒரு கிலோ அனுப்பு மாப்பிள்ளை” என்று கேட்டார். அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். “உங்க டாக்டர் சரின்னு சொன்னா அனுப்புறேன் மாமா” என்றேன். டாக்டர் கூடாது என்றுவிட்டார். மாமாவுக்கு இன்னும் வருத்தம்தான், ஆனாலும் நான் அனுப்பவில்லை.