குருவிக்கூடு வாங்கப் போய் காக்காய்க்குப் பந்தி வைத்த கதை

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். பழைய ஓட்டு வீடு இருந்தவரை குருவிக்கென்று காசு கொடுத்து எதுவும் வாங்கியதில்லை. இறவாரத்துச் சந்தில் அதுபாட்டுக்குக் கட்டும், குஞ்சு பொரிக்கும். சம்பா அறுப்பு முடிந்ததும் மாமா (என் மாமனார்) ஒரு கைப்பிடி நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் திண்ணையில் தொங்கவிடுவார். அவ்வளவுதான் உபசாரம். வீட்டை இடித்து மாடி கட்டினோம். சந்து போயிற்று, குருவியும் போயிற்று. அந்த உறுத்தலில்தான் கும்பகோணத்தில் ஒரு சந்தையில் போய் மாட்டிக்கொண்டேன்.

குடிசை மாதிரி, சிவப்பும் மஞ்சளும் பூசிய பலகைக் கூடுகள். "மாட்டுன பத்தே நாள்ல குருவி வந்துரும்க்கா, கேரண்டி" என்றார் கடைக்காரர். கூடு ஒன்று 650 ரூபாய் என்று நான்கு, தானியம் வைக்கும் தொங்குதட்டு 450, 'பறவைக் கலவை' இரண்டு கிலோ 480. மொத்தம் 3,530. பில் கேட்டேன். "ஜீபே ஸ்க்ரீன்ஷாட்தான்க்கா பில்லு." அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மாட்டிக் கொடுக்க ஒரு பையனை அனுப்பினார். அவன் நான்கையும் மேற்குச் சுவரில் வரிசையாக அடித்துவிட்டுப் போனான். தெருவிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியுமாம்.

பத்து நாளில் அல்ல, பங்குனியில் ஒரு ஜோடி வந்தது. வைக்கோலும் கோழி இறகுமாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே திணித்தது. பிறகு கீச்சுச் சத்தம். பெரிய குருவி நெல்லும் நொய்யும் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். அவரைப் பந்தலில் புழு பொறுக்கிக்கொண்டு நாள் முழுக்க இரண்டும் பறந்தபடி இருந்தன. நானும் காப்பித் தம்ளரோடு கொல்லையிலேயே கிடந்தேன்.

ஒரு காலையில் கூட்டுக்கு முன்னால் இருக்கும் குச்சியில் காக்காய் உட்கார்ந்திருந்தது. கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் ஒரு குஞ்சை இழுத்துவிட்டது. மறுநாள் மற்றதும் போயிற்று. தாய்க்குருவி இரண்டு நாள் ஓட்டுமேல் (இப்போது ஓடு ஏது, தண்ணீர்த் தொட்டி மேல்) உட்கார்ந்து கத்தியதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்புறம்தான் அந்தக் கூட்டை இறக்கிப் பார்த்தோம். வாசல் ஓட்டை இரண்டு அங்குலம். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் மைனா நுழையும், அணில் நுழையும், காக்காய் அலகு நீட்டும். அழகுக்கு அடித்த அந்தக் குச்சி குருவிக்குத் தேவையே இல்லை. அது விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். குச்சி, வேட்டைக்கு வருபவன் உட்கார நாம் போடும் நாற்காலி. தரையில் நீர் வடிய ஒரு துளை இல்லை. சுத்தம் செய்யத் திறக்க வழியில்லை, நாலு பக்கமும் ஆணி. உள்ளேயும் பெயின்ட். பிற்பகல் வெயிலில் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. காக்காய் விட்டிருந்தாலும் சித்திரை வெயில் விட்டிருக்காது.

தானியத்தின் கதை இதைவிட மோசம். அதை, கூடு வாங்கிய தை மாதமே மாமா கண்டுபிடித்துவிட்டார். கம்பும் தினையும் கலந்த பையில் கொஞ்சம் கம்பு மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் அதை ஏதோ ரகம் என்று நினைத்தேன். மாமா ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டார். தண்ணீர் ரோஜா நிறம்.

"இது வெத நேர்த்தி பண்ணுன கம்பும்மா. குருவிக்கு வெச்சா அதுக்குக் காரியந்தான்."

நாற்றங்காலுக்கு முன்னால் நெல் விதைக்குக் கிலோவுக்கு 2 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கலக்கிற குடும்பம்தான் நாங்கள். மருந்து கலந்த விதை தெரியாமல்கூட வாயில் போய்விடக் கூடாது என்றுதான் கம்பெனி விதையில் சாயம் ஏற்றுகிறார்கள். விற்காமல் நின்ற விதையை யாரோ தீவனத்தில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கோழி கொத்தாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தோம்.

அப்போதே கேட்டதற்கு "வேற பை தர்றேன்க்கா" என்ற கடைக்காரர், குஞ்சு செத்ததைச் சொன்னதும் "காக்கா தூக்குனதுக்கு நான் என்ன பண்ண?" என்றார். பிறகு சமாதானமாம், ஒரு ஜோடி குருவி 300 ரூபாய்க்குத் தருகிறாராம். அனுப்பிய படத்தில் இருந்தது சிட்டுக்குருவியே இல்லை, பச்சைச் சாயம் பூசிய சில்லை என்ற வேறொரு சின்னப் பறவை! 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று எழுதினேன். எண்ணை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது; ஆனால் பில் இல்லாமல் போன எனக்கு வாய் எழவில்லை.

நீங்கள் வாங்கப் போனால் கையில் ஒரு கோழிமுட்டை எடுத்துப் போங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். முட்டை உள்ளே போனால் அது குருவிக்கூடு இல்லை. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். ஓட்டை அதைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் சரி.

இப்போது எங்கள் ஆசாரி அந்தப் பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, உள்பெயின்ட்டைச் சுரண்டி, சின்ன ஓட்டை போட்ட பலகையை முன்னால் அடித்துக் கொடுத்திருக்கிறார். குச்சியை அறுத்தாயிற்று. வடக்குப் பார்த்து, தாழ்வாரத்துக்குள் பத்தடி உயரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் மாமா கட்டிய நெற்கதிர். நேற்று இரண்டு குருவி கதிரில் தொங்கிக்கொண்டு உமியைத் துப்பின. பெட்டியை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.