ஷவர் ட்ரேக்கு அடியில் இடைவெளி: ஃபோம் அடித்தும் பார்த்தோம், சாந்தில் பதித்தும் பார்த்தோம்

ஷவர் ட்ரே என்பது குளிக்கும்போது நிற்கும் தட்டையான தொட்டி. அது ஆடினாலோ கசிந்தாலோ, பழுதுபார்த்த முதல் மாதத்தில் எந்த முறையும் நன்றாகத்தான் இருக்கும். அடியில் ஊதிப் பெருகும் ஃபோம் அடித்தாலும் சரி, ஓரத்து இடுக்கை அடைக்கும் சிலிகானை மட்டும் புதிதாக இழுத்தாலும் சரி. மரத்தரை ஒன்றிரண்டு குளிர்காலம் சுருங்கி விரிந்து, வீட்டில் எல்லோரும் தினம் ஏறி இறங்கிக் குளித்த பிறகுதான் எது நிற்கும், எது நிற்காது என்று தெரியும். எங்கள் ட்ரேயைச் சாந்தில் பதித்து நாலு வருடம் ஓடிவிட்டது. அதனால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

லண்டன் ஹாரோவில், பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய டெரஸ் வீடு. குளியலறை மாடியில், அதற்கு நேர் கீழே சமையலறை. குளியலறையைப் புதுப்பித்தபோது 900க்கு 900 மி.மீ. ஸ்டோன் ரெசின் (கல்தூளும் பிசினும் கலந்து வார்த்த) ட்ரே போட்டார்கள். ஒரு மூலையில் கால் வைத்தால் ‘டொக்’ என்று சத்தம் வரும். சில மாதத்தில் டைல்ஸ் ஓரத்துச் சிலிகான் பிரிந்தது. திரும்ப அடித்தார்கள், திரும்பப் பிரிந்தது. பிறகு சமையலறை சீலிங்கில் பழுப்பு வட்டம் விழுந்தது.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ட்ரேயில் யாரும் ஏறாமல், வாளித் தண்ணீரை நேராக வேஸ்ட் ஓட்டைக்குள் (தண்ணீர் வெளியேறும் ஓட்டை) ஊற்றுங்கள். கீழே சொட்டினால் கோளாறு ட்ராப்பிலோ (ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் பகுதி) பைப்பிலோ இருக்கிறது. சொட்டாவிட்டால், ஒருவர் ட்ரேயில் ஏறி நின்றுகொண்டு ஓரங்களில் தண்ணீர் விடட்டும். எங்களுக்கு இரண்டாவதில்தான் சொட்டியது. ஆள் ஏறியதும் ட்ரே அமுங்கி, சுவர்ப் பக்கம் ஒரு பவுண்டு நாணயம் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. இறங்கியதும் மூடிக்கொண்டது. இப்படித் தினமும் திறந்து மூடினால் எவ்வளவு விலை உயர்ந்த சிலிகானும் தாங்காது.

முதலில் வந்தவர், கீழே சமையலறை சீலிங்கில் துளை போட்டு, தரைப்பலகை வழியாக எக்ஸ்பேண்டிங் ஃபோமை ஏற்றினார். ஆட்டம் உடனே நின்றது. ஆனால் ஃபோம் எந்தப் பக்கம் எவ்வளவு ஊதும் என்பது யார் கையிலும் இல்லை. ட்ரேயின் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ள, குளித்து முடித்ததும் எதிர் மூலையில் தண்ணீர் தேங்கியது. ஒரு குளிர்காலம் போனதும் ஃபோம் அமுங்கி, பழைய சத்தம் திரும்பிவிட்டது. ஃபோம் இடத்தை அடைக்கும். வருடக்கணக்கில் ஆள் பாரத்தைத் தாங்க அது போதாது.

அடுத்து வந்த பிளம்பர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பல வருடம் வேலை செய்தவர். ட்ரேயில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, சிலிகோன் எத்தினை தரம் அடிச்சாலும் நிக்காது. கீழ தாங்கிறதுக்கு ஒண்டும் இல்லை. தூக்கித்தான் பாக்கவேணும்” என்றார்.

அடி வரிசை டைல்ஸை உடைத்து, சிலிகானை அறுத்து, ட்ராப்பைக் கழற்றி இரண்டு பேராகத் தூக்கினோம். அடியில் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று டைல்ஸ் பசையை உருண்டையாக வைத்து, அதன்மேல் ட்ரேயை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு உருண்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. சுற்றியிருந்த சிப்போர்டு (மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த தரைப்பலகை) தண்ணீர் குடித்து ஊதி, விரலால் கிள்ளினால் உதிர்ந்தது. முழு அடிப்பரப்பும் ஒரே சீரான சாந்துப் படுக்கையில் உட்கார வேண்டிய பொருள் இந்த ட்ரே. பசையும் நேரமும் மிச்சம் என்று செய்த வேலைக்கு, கீழே சமையலறை சீலிங் வரை நாங்கள் விலை கொடுத்தோம். இந்த ஊர் வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த சேதத்துக்கு இடமில்லை. உங்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

ஊதிய சிப்போர்டை வெட்டி எடுத்தோம். தரையைத் தாங்கும் மர உத்தரங்களான ஜாயிஸ்டுகளுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள் கொடுத்து, 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டை நெருக்கமாகத் திருகினோம். அதன்மேல் பிளம்பர் எஸ்பிஆர் என்ற ரப்பர் பால் போன்ற பூச்சைப் பூசினார். அது இல்லாவிட்டால் பலகை சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிவிஏ (வெள்ளைப் பசை) பூசலாமே என்று கேட்டேன். அது ஈரம் பட்டால் மறுபடி இளகும் என்று மறுத்துவிட்டார்.

சாந்து ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல். கையில் பிடித்தால் பிடித்த வடிவில் நிற்க வேண்டும், ஆனால் உதிரக் கூடாது. சுமார் 15 மி.மீ. கனத்தில் பரப்பி, ட்ரேயை வைத்து அழுத்தி, உடனே தூக்கிப் பார்த்தார். சாந்தில் ட்ரேயின் அடிப்பக்கம் முழுக்கப் பதிந்திருந்தது, வேஸ்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு இடத்தைத் தவிர. அங்கே கரணையால் கொஞ்சம் சாந்து சேர்த்து மறுபடி வைத்தார். பிறகு நான்கு பக்கமும் ரசமட்டம் பார்த்து, ஒரு நாள் முழுக்க யாரும் தொடக் கூடாது என்று கதவைச் சாத்தினார். என் கணக்கில் முழு வேலைக்கும் உயிர் அந்த ஒரு தடவை தூக்கிப் பார்த்ததுதான். வேலைக்கு ஆள் பிடிக்கும்போது, ‘வைத்ததும் தூக்கிப் பார்ப்பீர்களா’ என்று கேளுங்கள்.

சிலிகான் கடைசி வேலை. பழைய சிலிகானின் பிசிறு இருந்தால் புதியது ஒட்டாது என்பதால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். ட்ரேக்குள் தண்ணீர் வாளிகளை வைத்து, பாரம் இருக்கும்போதே சிலிகானை இழுத்து, காயும் வரை வாளிகளை எடுக்கவில்லை.

இப்போது ட்ரே கல் மாதிரி நிற்கிறது. தண்ணீர் விழும்போது வந்த தகர ஓசையும் போய்விட்டது. சீலிங்கைப் பெயிண்ட் அடித்த பிறகு கறை வரவில்லை. கதவுப் பக்கச் சிலிகான் கறுத்ததால் ஒருமுறை மாற்றினோம்; அது பூஞ்சை, பிரிவு இல்லை.

குறை என்றால், சாந்தில் பதித்த ட்ரேயை இனிச் சேதமில்லாமல் தூக்க முடியாது. அதனால் மேலிருந்தே கழற்றிச் சுத்தம் செய்யும் ட்ராப்பாகப் போட்டோம், சமையலறை சீலிங்கிலும் சின்ன மூடி ஒன்று வைத்தோம். தரைக்கு 25 கிலோ போல எடையும் கூடியது, ஜாயிஸ்டுகள் நல்ல நிலையில் இருந்ததால் கவலைப்படவில்லை. அரித்திருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

டைல்ஸை உடைக்கவே முடியாது என்பவர்கள், கீழே சீலிங்கை வெட்டி, தரைப்பலகைக்கு அடியில் குறுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பலகையில் துளையிட்டுக் கெட்டிச் சாந்தை உள்ளே திணிக்கலாம். முழுப் பரப்பும் நிரம்பியதா என்று பார்க்க வழியில்லாததால், பலகை ஊறாமல் நல்ல நிலையில் இருக்கும்போது மட்டும் இதை யோசிக்கலாம். அடியில் திருகுக் கால்கள் உள்ள அக்ரிலிக் ட்ரே என்றால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். முன் பலகையைக் கழற்றி, ஆடும் காலைத் தரையைத் தொடும் வரை திருகி, லாக் நட்டை இறுக்கிவிட்டு, சிலிகானை மட்டும் புதிதாகப் போடுங்கள்.