சிசேரியனுக்குப் பிறகு என் வயிறு: பெல்ட், பயிற்சி, இரண்டே கால் வருட அனுபவம்

என் மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. சிசேரியனில் பிறந்தவள். அவளுக்கு ஐந்து மாதம் ஆனபோது என் வயிறு ஐந்து மாதக் கர்ப்பிணியின் வயிறு போல இருந்தது. ரயிலில் பக்கத்து இருக்கை அம்மா ஒருவர், மடியில் குழந்தை இருக்கும்போதே, "அடுத்ததும் உண்டாயிட்டியாம்மா?" என்று அன்பாகக் கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன்.

அதற்குப் பிறகு பலவற்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். எது உதவியது, எது கெடுதல் செய்தது என்று இவ்வளவு காலம் கழித்துத்தான் என்னால் தெளிவாகச் சொல்ல முடிகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இத்தனை பெண்கள் கடக்கும் விஷயம் இது. எனக்கோ, வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டும் தடுப்பூசி அட்டையும் கொடுத்தார்கள். வயிற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் என் கணக்கு. கர்ப்பத்துக்கு முன் 57 கிலோ, பிரசவத்தின்போது 70. ஐந்தாம் மாதத்தில் 64 கிலோ, தொப்புள் நேராகச் சுற்றளவு 37 அங்குலம். இப்போது 60 கிலோ, 33 அங்குலம். எடை நாலு கிலோதான் குறைந்திருக்கிறது. ஆனால் பழைய சுடிதார்கள் எல்லாம் பொருந்துகின்றன. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தாய்வீட்டில் இருந்தபோது அம்மா பழைய காட்டன் சேலையைக் கிழித்து வயிற்றில் கட்டிவிடுவார். தையல் மேல் துணி உரசியதால் ஒரு வாரத்தில் அதை விட்டுவிட்டு மருந்துக்கடையில் எலாஸ்டிக் பெல்ட் வாங்கினோம், 650 ரூபாய். முதல் மூன்று வாரங்களுக்கு அது நிஜமாகவே உதவியது. இருமினாலும் தும்மினாலும் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் போனது. எழுந்து நடக்கும்போது வலி குறைந்தது. அதற்காக மட்டும் நான் அதைப் பரிந்துரைப்பேன். வயிறு குறையும் என்று நம்பி அதையே நாலு மாதம் போட்டேன். ஒன்றும் குறையவில்லை. கழற்றிய அரை மணி நேரத்தில் வயிறு பழையபடி வந்துவிடும். வெயில் காலத்தில் பெல்ட்டுக்கு அடியில் வேர்க்குருவும் அரிப்பும்தான் மிச்சம்.

அப்புறம் இணையத்தில் பார்த்து, இறுக்கிப் பிடிக்கும் ஷேப்பர் ஒன்று 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். போட்ட இரண்டாவது வாரத்தில் தும்மும்போது சிறுநீர் கசிய ஆரம்பித்தது. இடுப்பை அந்த அளவுக்கு இறுக்கும்போது உள்ளழுத்தம் கீழ்நோக்கிப் போய், சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தளத் தசைகள் மேல் விழுகிறது என்று பிற்பாடு பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். கழற்றிப் போட்டேன். கசிவு நிற்க மேலும் மூன்று மாதப் பயிற்சி தேவைப்பட்டது.

மூன்றாம் மாதக் கடைசியில் இன்னொரு தவறும் செய்தேன். "தொப்பையைக் குறைக்கும் பத்து நிமிடம்" என்ற மாதிரி வீடியோக்களைப் பார்த்து, மல்லாந்து படுத்து எழும் பயிற்சியை தினமும் ஐம்பது முறை செய்தேன். ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் தொப்புளுக்கு மேலே ஓட்டு வீட்டு முகடு போல ஒரு மேடு எழும்பும். தசை வருகிறது போல என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மாதத்தில் வயிறு இன்னும் துருத்திக்கொண்டது, முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. முதுகில் போட்ட மயக்க ஊசிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

ஆறாம் மாதம்தான் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் என்னை மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்தினார். மூன்றரை விரல் உள்ளே போனது. "இது கொழுப்பு மட்டும் இல்லைம்மா, நடுவுல விலகியிருக்கு. நீங்க எழும்பி எழும்பிப் படுத்ததுல இது இன்னும் விலகியிருக்கும்" என்றார்.

வயிற்றில் மேலிருந்து கீழாக இரண்டு நீளமான தசைகள் இருக்கின்றன. அவற்றை நடுவே ஒரு மெல்லிய இணைப்புத் திசு பிடித்திருக்கிறது. கர்ப்பப்பை வளர வளர அந்தத் திசு இழுபட்டு அகலமாகிவிடும். டயஸ்டாசிஸ் ரெக்டை என்று இதற்குப் பெயர். சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் வரும். முதல் இரண்டு மாதங்களில் ஓரளவு தானாகவே சேரும், அதற்குப் பிறகு வேகம் குறைந்துவிடும். எனக்கு இன்னொரு தப்பெண்ணமும் இருந்தது, ஆபரேஷனில் வயிற்றுத் தசையை வெட்டிவிட்டார்கள் என்று. வழக்கமாக அப்படி வெட்டுவதில்லையாம். தோல், கொழுப்பு, அதற்கு அடியில் உள்ள உறுதியான சவ்வு ஆகியவற்றைத்தான் வெட்டுகிறார்கள். அந்த நீளத் தசைகளை இரு பக்கமும் விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் கர்ப்பப்பைக்குப் போகிறார்கள். வெட்டிய சவ்வு முழு வலுவைப் பெறப் பல மாதங்கள் ஆகும். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் வேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பார்த்து நான் பட்ட வருத்தம் எல்லாம் தேவையே இல்லாதது.

அவர் கொடுத்த முதல் பயிற்சி வெறும் மூச்சுதான். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சை இழுக்க வேண்டும். வாய் வழியாக மெதுவாக விடும்போது, சிறுநீரை அடக்குவது போல அடித்தளத் தசையை மேலே இழுத்து, அடிவயிற்றை முதுகெலும்பை நோக்கிச் சேர்க்க வேண்டும். காலை பத்து, மாலை பத்து. இதற்கா பணம் கொடுத்தோம் என்று முதல் நாள் தோன்றியது. இடுப்பைச் சுற்றி உள்ளே ஆழமாக ஒரு தசை ஓடுகிறது, உடம்பே கட்டியிருக்கும் பெல்ட் அது, வெளியே பெல்ட் போட்டே பழக்கினால் அது வேலை செய்ய மறந்துவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான் மனம் ஒப்பியது.

இரண்டு வாரம் கழித்து, அதே மூச்சோடு குதிகாலைத் தரையில் தேய்த்துக் காலை நீட்டி மடக்குவது. பிறகு படுத்தபடி இடுப்பைத் தூக்குவது. பயிற்சி தொடங்கிய மூன்றாம் மாதத்தில் தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. அதன் பிறகு பக்கவாட்டுப் பிளாங்க், அதாவது ஒருக்களித்து முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. எப்போது முகடு எழும்புகிறதோ அப்போது நிறுத்திவிட்டு முந்தைய படிக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. ஆறு முறை போனேன், முறைக்கு 500 ரூபாய். இந்த வயிற்றுக்காக நான் செலவழித்ததில் உருப்படியான பணம் அதுதான்.

பயிற்சியை விடவும் அன்றாட அசைவுகளில் செய்த மாற்றம் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுவது. குழந்தையையோ தண்ணீர்க் கேனையோ தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட்டுக்கொண்டே தூக்குவது. குழந்தையை எப்போதும் இடது இடுப்பிலேயே வைக்காமல் மாற்றுவது. நாள் முழுக்க நூறு முறை செய்கிற காரியங்கள் இவை.

மூன்றரை விரல் இடைவெளி ஐந்து மாதத்தில் இரண்டரை ஆனது. வேலைக்குத் திரும்பியதும், குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்ததும் சேர்ந்து இரண்டு மாதம் பயிற்சி நின்றுபோனது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். இப்போது ஒன்றரை விரல். எடை அதிகம் குறையாமலே பழைய சுடிதார்கள் பொருந்துவது இதனால்தான். முதுகுவலி ஊசியால் வந்ததில்லை போல, நடுவயிறு உறுதியானதும் போய்விட்டது.

தழும்பு தனிக்கதை. அதற்கு மேலே ஒரு மடிப்பு தொங்கும், பாவாடை நாடா சரியாக அந்த இடத்தில் வெட்டும். தழும்பு அடியில் உள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இழுப்பதால் மேலே உள்ள சதை படி போலத் தெரியும் என்றார்கள். காயம் முழுக்க ஆறிவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்டு, தினமும் ஐந்து நிமிடம் தழும்பை மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக நகர்த்தினேன். இடது ஓரம் கல் மாதிரி இருந்தது, எட்டு மாதத்தில் இளகியது. மடிப்பு பாதியாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் தொடு உணர்வே இல்லாமல் இருந்தது, இப்போது பெரும்பாலும் திரும்பிவிட்டது. எண்ணெய் எது என்பது முக்கியமில்லை, விரல்தான் வேலை செய்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "தண்ணி குடிக்காதே, வயிறு போட்டுடும்" என்று எனக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர்தான் கொடுத்தார்கள். பால் கொடுக்கும் உடம்புக்கு அது போதாது. கடுமையான மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கி வயிற்று அழுத்தம் இன்னும் கூடியது. அம்மாவிடமும் அத்தையிடமும் சண்டை போடாமல், டாக்டரையே சொல்லவைத்துத்தான் அதை மாற்ற முடிந்தது. பால் கொடுத்த காலத்தில் பட்டினி கிடக்கவில்லை. நடுராத்திரி ரஸ்க்கை நிறுத்திவிட்டு முட்டையும் சுண்டலும் கீரையும் சேர்த்தேன், அவ்வளவுதான்.

போகாதவையும் உண்டு. கர்ப்பத்தில் வயிற்றில் விழுந்த வரிகள் வெளுத்திருக்கின்றன, மறையவில்லை. உட்கார்ந்தால் தளர்ந்த தோல் மடிகிறது. தொப்புளருகே வலியோடு புடைப்பு வந்தாலோ, தழும்பில் சிவப்பு, சீழ், காய்ச்சல் இருந்தாலோ பயிற்சி எதையும் முயலாமல் டாக்டரிடம் போக வேண்டும். குடலிறக்கமாகவோ தொற்றாகவோ இருக்கலாம்.

போன மாதம் என் சித்தி மகளுக்கு சிசேரியன் ஆனது. மூன்றாம் நாளே போனில், "அக்கா, எந்த பெல்ட் வாங்கட்டும்?" என்று கேட்டாள். நடக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள சாதாரண எலாஸ்டிக் பெல்ட் போதும், மூன்று வாரத்தில் கழற்றிவிடு என்றேன். ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது நானும் கூட வருகிறேன், விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை போகிறோம்.