அப்பா எழுதும் ‘லை’: கணினியில் கையெழுத்து உள்ளீடு, மூன்று வருஷ அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு, பெங்களூராவும் செந்தூராவும். மண்டிக் கணக்கு எல்லாம் அப்பா நோட்டில் இருக்கும். அதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அவருக்குத் தட்டச்சு பிடிபடவில்லை. ‘கெ’ என்று எழுதக் கொம்பை முதலில் போட்டே பழகிய கை. தமிழ்99 விசைப்பலகையில் க-வைத் தட்டி அப்புறம் எ-யைத் தட்டச் சொன்னால் தடுமாறுகிறது. கையால் எழுதுவதைக் கணினியே எழுத்தாக மாற்றும் கையெழுத்து உள்ளீட்டில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் மூன்று வருஷத்துக்கு முன் அதைப் பழக்கினேன்.

மவுஸால் எழுதுவது வீண் வேலை. நாலு சொல்லுக்குள் மணிக்கட்டு வலிக்கும். யுஎஸ்பியில் செருகும் பேனாப் பலகை வாங்கினேன். கை பலகையில், எழுத்து திரையில். கோடில்லாத வழவழப்பில் அப்பாவுக்குக் கை நிற்கவில்லை. ஒருநாள் அவரே நோட்டுத்தாள் ஒன்றைக் கிழித்துப் பலகைமேல் ஒட்டிவிட்டார். தாளுக்கு அடியிலும் பலகை பேனாவை உணர்ந்தது, வழுக்கலும் போனது. பேனா முனைதான் சீக்கிரம் தேய்கிறது. இரண்டு தடவை மாற்றியாயிற்று.

பெரிய சிக்கல் ‘விலை’ என்ற சொல்லில் வந்தது. அப்பா பள்ளியில் படித்தது 1978-க்கு முன்னால். அந்த வருஷ எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளில் லை, ணா, றா, னா எல்லாம் உண்டு. அவர் இன்றும் ல-வோடு யானைத் தும்பிக்கை மாதிரி வளைவைச் சேர்த்துத்தான் லை எழுதுகிறார். மண்டிக் கணக்கில் வரிக்கு வரி விலை வரும். வரிக்கு வரி தப்பாக வந்தது. திருவண்ணாமலைக்கு லோடு போன நாளில் கேட்கவே வேண்டாம். ணா-வும் பழசு, லை-யும் பழசு. “அறுபது வருஷமா எழுதுற எழுத்து, இதுக்குத் தெரியலையா?” என்றார். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. தமிழுக்கென்று செய்யும் கருவி அந்த 13 பழைய வடிவங்களையும் படிக்க வேண்டும். இப்படி எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். தனி எழுத்தாக எழுதாதீர்கள், ர-வும் துணைக்காலும் குழம்பும். முழுச் சொல்லாக எழுதினால் பெரும்பாலும் சரியாக வரும். இன்னொன்று, இது பேனா போகும் பாதையைப் பார்த்துப் படிப்பது. ஏற்கெனவே எழுதிவைத்த நோட்டைப் படம் எடுத்துப் படிக்கவைப்பது வேறு நுட்பம், இதில் நடக்காது. பழைய நோட்டுகளை நான்தான் தட்டுகிறேன். நீளமாகத் தட்ட எனக்குத் தமிழ்99 போதும்.

போன பருவத்தில் செந்தூராக் கணக்கு முழுவதையும் அப்பாவே ஏற்றினார். பலகையில் புது லை எழுதுகிறார். நோட்டில் இன்னும் பழைய லைதான்.