பிரே ஆஸ் யூ கோ: காலைத் தியானத்தைவிட இரவு ஜெபத்துக்காகவே பரிந்துரைக்கிறேன்

இந்தச் செயலியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் "வேலைக்குப் போகிற வழியில் கேட்கிற தியானம்" என்றுதான் சொல்வார்கள். அது உண்மைதான், நானும் அப்படித்தான் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் இப்போது யாராவது கேட்டால், இதற்குள் இருக்கிற எக்ஸாமன் என்ற இரவு ஜெபத்தை முதலில் திறந்து பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறேன். அன்றாட வாழ்க்கையில் ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று ஆலயத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். அதைச் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே பார்ப்பது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் உள்ள இயேசு சபை (ஜெசூயிட்) என்ற கத்தோலிக்கத் துறவிகள் 2006-ல் தொடங்கியது, எம்பி3 பிளேயரில் பாட்டு கேட்டுக்கொண்டே பயணம் செய்த காலம் அது. இப்போது போனிலும் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. வாரநாட்களில் நாளுக்கு ஒரு பதிவு, சனி ஞாயிறுக்குச் சேர்த்து ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 13 நிமிடம். கொஞ்சம் இசை, அன்றைக்குரிய வேதப் பகுதி, அதை ஒட்டி ஒன்றிரண்டு கேள்விகள், மறுபடி அதே பகுதி, கடைசியில் மனதில் தோன்றியதை ஆண்டவரிடமே சொல்லும்படி ஓர் அழைப்பு. பிரசங்கம் கிடையாது. அறிவுரை சொல்லி முடித்து வைக்கிற குரல் இல்லாதது எனக்குப் பெரிய ஆறுதல்.

இதில் அந்த இரண்டாம் வாசிப்பைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த பகுதிதானே என்று முதல் தடவை காது பாதி மூடியிருக்கும். கேள்விகள் வந்து போன பிறகு அதே வசனங்கள் வரும்போது, அத்தனை வருடமும் கண்ணில் படாத ஒரு சொல் வந்து நிற்கும். எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீஷர்கள் உயிர்த்தெழுந்த இயேசுவோடு நடந்தும் அவரை அடையாளம் தெரியாமல் இருந்த பகுதி (லூக்கா 24) எனக்கு அப்படித்தான் திறந்தது. அப்பம் பிட்டபோது கண்கள் திறந்தன, உடனே அவர் மறைந்துவிட்டார், அதற்குப் பிறகுதான் அவர்கள் வழியில் நடந்ததை நினைத்துப் பார்த்து, அவர் பேசும்போது நம் இருதயம் உள்ளுக்குள் எரிந்ததே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நடக்கும்போதே தெரியவில்லை, திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. யாத்திராகமம் 33-ல் மோசேக்கும் இதே கதைதான்: கர்த்தர் கடந்துபோன பிறகு அவருடைய பின்பக்கத்தைப் பார்க்கவே அனுமதி கிடைக்கிறது.

எக்ஸாமன் இந்தத் திரும்பிப் பார்த்தலையே ஒரு ஜெபமாக்குகிறது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த முறை இது. அவர் சொன்ன படிகள் ஐந்து. பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வது, தன் பாவத்தை அறிந்து விலக்கக் கிருபை கேட்பது, எழுந்த நேரத்திலிருந்து அன்றைய நாளை மணிமணியாகக் கணக்குப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு எப்படித் திருந்தி நடக்கலாம் என்று தீர்மானிப்பது. செயலியில் ஒரு குரல் மெதுவாக நம்மை இந்த வழியில் கூட்டிக்கொண்டு போகிறது, இடையிடையே இசையும் மௌனமும் வருகின்றன.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பல மாதங்களாக என்னோடு பேச்சே இல்லை, வயதான அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதில் வந்த மனக்கசப்பு. ஒரு நாள் அம்மாவின் மருந்துச் சீட்டை அனுப்பச் சொல்லி அவரிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. அனுப்பிவிட்டு வேலையில் மூழ்கிவிட்டேன். அன்று இரவு நாளைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தபோது அந்த ஒரு வரியில் மனம் நின்றுவிட்டது. அவர் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறார், அதுவும் என்னிடம் கேட்டிருக்கிறார், நான் ஜெபித்துக் களைத்து விட்டுவிட்ட ஒரு காரியத்தில் ஆண்டவர் கைவைத்திருக்கிறார்! மீட்பு என்றால் சிலுவையும் கடைசி நாளும்தான் நினைவுக்கு வரும், ஆனால் சிலுவையில் வாங்கப்பட்ட அந்தச் சமாதானம் ஒரு மருந்துச் சீட்டின் வழியாகவும் வீட்டுக்குள் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். மறுநாள் நானே போன் செய்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், பேச்சு நடக்கிறது.

குறை என்று சொன்னால், இன்று பல இடங்களில் எக்ஸாமனைச் சொல்லித்தரும்போது எங்கே மனம் நிறைந்தது, எங்கே வாடியது என்ற உணர்வுகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறார்கள், மன்னிப்புக் கேட்கிற படி சீக்கிரம் கடந்துபோய்விடுகிறது. இந்தச் செயலியில் நான் கேட்ட பதிவுகளிலும் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பிரசன்னத்தை உணர்வது இனிமையானது, சந்தேகமில்லை. ஆனால் மன்னிப்பு வேண்டிய இடத்தைத் தொடாமல் போனால் மீட்பராகிய இயேசுவை நாம் வெறும் துணைக்கு வருகிறவராகச் சுருக்கிவிடுவோம் என்று பயப்படுகிறேன். அதனால் அந்த இடம் வந்ததும் பதிவை நிறுத்திவிடுவேன். சில நாள் 51-ஆம் சங்கீதத்தின் சில வசனங்கள், சில நாள் வெறும் மௌனம், அப்புறம்தான் மறுபடி ஓடவிடுவது.

நான் கேட்பது ஆங்கிலப் பதிவுகள். சொற்கள் எளிமை, வேகமும் குறைவு, இருந்தாலும் தாய்மொழியில் ஜெபித்தே பழகியவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு இடைவெளி தெரியும். வேதப் பகுதியை மட்டும் முன்னதாகவே தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டால் அது பெருமளவு குறைகிறது. கேள்விகளுக்கு மனம் தமிழிலேயே பதில் சொல்லும், அதற்குத் தடை ஒன்றுமில்லை.

கத்தோலிக்கர் செய்தது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவன். அன்றைய வாசிப்பு கத்தோலிக்கத் திருவழிபாட்டு அட்டவணைப்படி வரும், புனிதர்களின் நினைவு நாட்களும் வரும். மற்றபடி மையத்தில் இருப்பது சுவிசேஷமும் அதைக் கேட்டு நாம் ஆண்டவரிடம் பேசுவதும்தான். எனக்கு இதில் நெருடல் எதுவும் வரவில்லை.

வழியில் கேட்பது காலைப் பதிவுக்குப் பொருந்தும், எக்ஸாமனுக்குப் பொருந்தாது. அதற்கு உட்கார வேண்டும், போனில் மற்ற அறிவிப்புகளை அணைத்துவிட வேண்டும். படுக்கையில் படுத்துக்கொண்டு போட்டால் கணக்குப் பார்க்கும் படிக்கு முன்பே தூங்கிவிடுவோம், ஆகவே படுப்பதற்குக் கொஞ்சம் முன்னால். சிறு குழந்தைகளை வைத்திருக்கிறவர்களுக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அது கூட முடியாத நாட்கள் இருக்கும். அவர்கள் பதிவையே விட்டுவிட்டு, பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ ஐந்து படிகளையும் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் பாரீஸ் நகரத்துக் கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், ஆராதனை நேரத்தில் போலவே அடுப்படியிலும் ஆண்டவரோடு இருந்தவர், அவரிடம் எந்தப் பதிவும் இல்லை.

கடுமையான துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் தனியாகக் கேட்கச் சொல்ல மாட்டேன். நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் அவர்களுக்கு அது வலியையே மறுபடி காட்டும். அவர்களோடு ஒருவர் உட்கார்ந்து, நன்றி சொல்லும் படியோடு மட்டும் நிறுத்திக்கொள்ளலாம், அல்லது பேசாமல் ஒரு சங்கீதம் வாசிக்கலாம். மற்ற எல்லோருக்கும், முக்கியமாக ஜெபம் வறண்டுபோய்விட்டது என்று சொல்கிறவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன்: இன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள், எக்ஸாமனைத் தேடுங்கள், மன்னிப்பின் இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.