மூட்டைப்பூச்சிக்கு மருந்தா, நீராவியா? முட்டையை வைத்து முடிவு செய்யுங்கள்

கட்டிலில் மூட்டைப்பூச்சி என்றதும் பெரும்பாலோர் கை மருந்து ஸ்பிரேக்குத்தான் போகிறது. ஒன்றிரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு என் தேர்வு நீராவி ஸ்டீமரும் சுடுதண்ணீரும்தான். செலவு, வாசனை, குழந்தைகள் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரிந்த கணக்கு. முடிவை மாற்றுவது முட்டை.

பெண்பூச்சி நாளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து முட்டை வரை இடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் நீளம், வெள்ளை நிறம். மெத்தையின் ஓரத் தையல், கட்டிலின் இணைப்பு, ஸ்க்ரூ ஓட்டை என்று இண்டு இடுக்கில் பசைபோட்டு ஒட்டிவிடுவதால் துடைப்பத்துக்கோ தூசு உறிஞ்சும் கருவிக்கோ எளிதில் பெயராது. கடையில் கிடைக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. முட்டை ஓட்டைத் தாண்டி அவை சரியாக உள்ளே போவதில்லை. மருந்தடித்த அன்று இரவு நிம்மதியாகத் தூங்கிவிட்டு, பத்தாம் நாள் மறுபடி தடிப்பு வருவது இதனால்தான். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும்.

பெஸ்ட் கண்ட்ரோல்காரர் பதினைந்து நாள் கழித்து இரண்டாம் முறை வருவதும் பொரித்த குஞ்சுக்காகத்தான். அந்த இரண்டாம் தடவையைத் தவிர்த்தால் முதல் தடவைக்குக் கொடுத்த பணமும் வீண்.

மருந்துக்கு இன்னொரு தொல்லை, பூச்சி பழகிப்போவது. 1947இலேயே ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பரில் டிடிடி என்ற பழைய பூச்சிமருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டன. டிடிடியும், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் அடங்கிய இன்றைய பைரித்ராய்டு மருந்துகளும் நரம்பில் தாக்கும் இடம் ஒன்றே. அதோடு மேல்தோல் தடித்து, மருந்தை உடைக்கும் நொதிகளும் பெருகிய பூச்சிகள் இப்போது பல நாடுகளில் உண்டு. பூச்சி சாகாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக அடிப்போம் என்று லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். அதில் கெடுவது பூச்சி அல்ல, அறையில் தூங்குபவரின் மூச்சு. வீட்டில் மீன் தொட்டி இருந்தால் மருந்தடிக்கும் முன் வெளியே எடுத்துவிடுங்கள். இவ்வகை மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு.

வெப்பத்துக்கு எந்தப் பூச்சியும் இப்படிப் பழகித் தப்பிப்பதில்லை. 48 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். 60 டிகிரி நேராகப் பட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

ஸ்டீமரில் ஊசிபோன்ற மூக்கைப் போடாதீர்கள். ஆவி பீறிட்டுப் பூச்சியையும் முட்டையையும் அடுத்த மூலைக்கு ஊதிவிடும். அகலமான மூக்கைப் போட்டு, பருத்தித் துணி சுற்றுங்கள். ஓர் அடி தூரத்தைக் கடக்கப் பத்துப் பதினைந்து விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்: இஸ்திரி போடுவதுபோல் வேகமாக இழுத்துவிடுவார்கள். மூக்கு கடந்தவுடன் அந்த இடத்தின் சூடு 70 முதல் 80 டிகிரி இருந்தால் சரி. தொடாமல் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் சந்தேகமே இல்லை. மெத்தையின் தையல் ஓரம், அதில் தைத்த லேபிளின் அடிப்பக்கம், கட்டில் பலகையின் அடிப்புறம், தலைமாட்டுப் பலகையின் பின்புறம் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். வேலை முடிந்ததும் மெத்தையை நிமிர்த்தி வைத்து மூன்று நான்கு மணி நேரம் ஃபேன் காற்றில் காயவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ப்ளைவுட் விளிம்பு ஊறி உப்பும், வார்னிஷ் வெளுக்கும். அங்கே கை நிதானம் வேண்டும்.

துணிக்கு ஸ்டீமர் வேண்டாம். ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் ஓட்டலாம். அது இல்லாதவர்கள் கொதித்த நீரையும் குழாய்த் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் சூடு அறுபதை ஒட்டி நிற்கும். விரிப்பு, உறைகளை முழுக்க அமுக்கி, மூடிபோட்டு அரைமணி ஊறவையுங்கள். அறையிலிருந்து துணியைக் கட்டிய பையோடுதான் வெளியே கொண்டுபோக வேண்டும், அள்ளிக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைத்ததுபோல் ஆகும்.

மொட்டைமாடி வெயில் மெல்லிய போர்வைக்கு ஓரளவு உதவும். இலவம்பஞ்சு மெத்தையை அதை நம்பிப் போடாதீர்கள். மேல்துணி சுட்டாலும் நடுப்பஞ்சு சுடாது. பூச்சியும் நிழல் பக்கம் நகர்ந்துவிடும்.

நீராவியின் குறையையும் சொல்ல வேண்டும். மருந்தைப்போல அது பட்ட இடத்தில் எந்த எச்சமும் தங்காது. இன்று தப்பிய பூச்சி நாளை அதே இடத்தில் பத்திரமாக நடக்கும். தடித்த மரத்தின் ஆழ இடுக்கு, இரும்புக் கட்டிலின் குழாய், சுவிட்ச் போர்டு ஆகியவற்றுக்குள் ஆவி போகாது. போர்டுக்குள் விடவும் கூடாது. அங்கே பூச்சியை உலர்த்திக் கொல்லும் சிலிக்கா தூள் அல்லது டயட்டோமேசியஸ் மண்ணை (நுண்பாசி ஓடுகளால் ஆன பொடி) மெல்லிய படலமாகத் தூவலாம், மெயினை அணைத்த பிறகு. குவித்துப் போட்டால் பூச்சி சுற்றிப் போய்விடும். குழாய் முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி, சுவர் விரிசலுக்கு வெள்ளைச் சிமென்ட். இதே வேலையைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள்.

அதுவரை அதே கட்டிலிலேயே படுங்கள். கூடத்துக்கு மாறினால் பசித்த பூச்சி அங்கே தேடி வரும். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். வழவழப்பான வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம்: நம் பக்கம் பரவலாக உள்ள வெப்பமண்டல இனமான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ், குளிர்நாட்டு இனத்தைவிட வழுக்கும் பரப்பில் நன்றாகவே ஏறும்.

தானியக் கிடங்குக்கான பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீயை அழைப்பது.

பல அறை விடுதி, மேன்ஷன், பொதுச்சுவர் உள்ள அடுக்குமாடி என்றால் நீராவியை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே எல்லா அறைக்கும் ஒரே நாளில் உரிமம் உள்ளவரை வைத்து மருந்தடித்து, கட்டிலுக்கும் மெத்தைக்கும் மட்டும் நீராவி பிடிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆளை வரச்சொல்லும்போதே, பதினைந்தாம் நாள் வருகையையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.